கவிழ்த்து வைத்த டம்ளர்

லிஃப்ட்காரருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள் அவர் குடியிருந்த கட்டடத்தில். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தரத்தில் தொங்கும் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிக்கயிற்றைப் பரிசோதித்த மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு கண்ணாடி டம்ளரைப் பார்த்து வெலவெலத்துப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? நடந்தது அதுதான்.

மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இருந்ததோ கடல் தாண்டி, விமானம் மாறிப் போக வேண்டிய தூரத்தில். அவள் அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நீங்களாவது பக்கத்துல இருங்கப்பா" என்று போனில் அழுதுவிட்டாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகு மனிதர் வீட்டில் இருப்பாரா? கிளம்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்.

ஆனால் உடம்பில் சர்க்கரை இருக்கிறதே. வேளைக்கு ஒரு இன்சுலின் ஊசி போடுகிறவர். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். "சுகர் இருக்குன்னு சொல்லித்தான் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கணும். மறைச்சு எடுக்கற வேலையே வேணாம். அது கைக்கு வந்தாத்தான் டிக்கெட்."

சும்மா சொல்லக்கூடாது, லிஃப்ட்காரர் ஒரு காரியத்தில் இறங்கினால் கச்சிதம்தான். ஹாலில் பையை விரித்துப் போட்டார். இன்சுலின் அடைத்த ஊசிப் பேனாக்கள் எல்லாம் கைப்பையில், தேவைக்கு இரண்டு மடங்கு. பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிவயிற்றுக் குளிரில் உறைந்து மருந்து செத்துப் போகும். பார்ப்பதற்கு மட்டும் உயிரோடு இருப்பது போலவே இருக்கும். வழியில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் குடிக்கக் குட்டிக் குட்டி ஜூஸ் பாக்கெட்டுகளையும் வாங்கி, பையின் பக்க அறையில் அடுக்கினார்.

வினை அந்த ஜூஸ் பாக்கெட்டில்தான் வந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாயெல்லாம் ஒரே தித்திப்பு. சமையலறைக்குப் போனவரைத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டி ஓரத்தில் ஒரு டம்ளர், கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குப்பைக்கூடையில் ஒரு காலி ஜூஸ் பாக்கெட். அதன் மூலை கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

அவர் பிறந்ததிலிருந்து ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தவர் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதற்காகவே அந்த வீட்டில் சண்டை. "தூசி விழும்ங்க, கவுத்து வையுங்க" என்பாள் மனைவி. "தூசி குடிச்சு எவனும் சாகல" என்பார் இவர். பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்திக் குடிப்பதும் அவளுக்குப் பிடிக்காது. தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும் சிவப்புப் பிடி கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, டம்ளரில் ஊற்றித்தான் நீட்டுவாள். உடனே கழுவிக் கவிழ்த்தும் விடுவாள்.

வாசல் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டது போட்டபடி இருந்தது. அன்றைக்கே பூட்டை மாற்றினார். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே ஈரச் சட்டை, அதே தித்திப்பு, அதே டம்ளர். கழுவிய ஈரம்கூடக் காயாமல், உட்பக்கம் மூச்சு விட்டது போல் பனித்திருந்தது. அன்று ராத்திரி விளக்கை அணைக்காமலே படுத்தார்.

பயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தனியாகக் கிடக்கிற மனிதர் பாவம். நாலாவது தடவை டம்ளரைப் பார்த்தபோது பயம் வரவில்லை, ஆசை வந்தது. வந்துவிட்டுப் போகிறாளே, முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாளே என்று தாபமாக இருந்தது. மதியத் தூக்கத்துக்கு முன் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பேய்க்காகச் சவரம் செய்துகொண்ட ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். சாப்பாட்டில் மட்டும் மனம் போகவில்லை. ரெண்டு வாய் கொறித்துவிட்டு, ஊசியைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் அவள் பக்கத்தைக் காலியாக விட்டுப் படுத்துக்கொள்வார்.

அப்படி ஒரு மதியம்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சுகர் எத்தனை வருஷமா சார்? ஊசியா, மாத்திரையா?"

எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார்.

"சுகர் ரொம்ப இறங்கி, நீங்களா சமாளிக்க முடியாம, வேற யாராவது உதவி பண்ற மாதிரி ஆகியிருக்கா சார்?"

"இல்லவே இல்லம்மா. வீட்ல நான் ஒண்டிக்கட்டை. உதவி பண்ண யாரு இருக்கா?"

"சரி சார், 'இல்லை'ன்னு போட்டுக்கறேன். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். கண்ணைத் திறந்தபோது நாற்காலியில் சரிந்து கிடந்தார். போன் மேஜையில் கிடந்தது. சமையலறையில் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். குரலில் பழைய கறார் இல்லை. "இப்ப பரவாயில்லையா சார்? நேத்து நான் ரொம்ப பயந்துட்டேன். நல்லவேளை, உங்க கூட இருந்தவங்க பாத்துக்கிட்டாங்க."

"என் கூட யாரும்மா இருந்தாங்க?"

"யாரோ உங்களை அதட்டிக் குடிக்க வெச்சாங்களே சார்?"

"வீட்ல யாரும் இல்லம்மா" என்று சொல்வதற்குள் லிஃப்ட்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எல்லா போன் காலும் பதிவாகும் சார். நான் போட்டுக் காட்டக்கூடாது. ஆனா நீங்க கேக்கறதுதான் நல்லது."

பதிவில் முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கத்தரிக்கோல் ஒரு தடவை வெட்டிய சத்தம். பிறகு பேச்சு.

"என்ன வேடிக்கை பாக்கறீங்க? இந்தாங்க, பிடிங்க. மடக்கு மடக்குன்னு குடிங்க. ஒழுகுது பாருங்க, சட்டையெல்லாம்... ம், ஆச்சு. நீங்க இப்படியே கிடந்தா நம்ம பொண்ணுக்கு யாருங்க இருக்கா?"

பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். டம்ளர் தொட்டி ஓரக் கல்லில் உட்காரும் சத்தம்.

"சார்... அது உங்க குரல்தானே?" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

"குரல் என்னுதுதாம்மா" என்றார் அவர். "பேச்சு என்னுது இல்ல."

அவள் விண்ணப்பத்துக்குத் திரும்பினாள். "நேத்து 'இல்லை'ன்னு போட்டிருக்கேன் சார். அதை அப்படியே விட்டா, அங்க போய் மயங்கி விழுந்தீங்கன்னா கம்பெனி சல்லிக்காசு தராது. 'ஆமா'ன்னு மாத்தினா டாக்டர் கடிதம் இல்லாம கிளம்ப முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

கடிதம் தாமதமானால் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது. மகளின் அழுகை காதுக்குள் கேட்டது. ஆனால் பொய் சொல்லிப் போய், அங்கே பிள்ளை பெற்ற பெண்ணின் கண்ணெதிரில் சாய்ந்துவிட்டால்? "'ஆமா'ன்னே போடும்மா" என்றார்.

டாக்டர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரம்மா வயிறு நிறையப் போட்ட காலத்துல எழுதின அளவு இது. நீங்க சாப்பாட்டைப் பாதியாக்கிட்டு ஊசியை மட்டும் அப்படியே குத்திக்கிட்டிருக்கீங்களே! சுகர் அடிமட்டத்துக்குப் போகும்போது சுயநினைவு இருக்காது. பழகின கை பழகினதைச் செய்யும். அப்புறம் ஞாபகமும் இருக்காது."

"என் கைக்கு டம்ளரைக் கவுத்துப் பழக்கமே இல்லையே டாக்டர்."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார். "இதுவரைக்கும் தப்பிச்சீங்க. ஒரு நாள் அந்தக் கையும் எழுந்து வராது. அளவைக் குறைச்சிருக்கேன். ஒரு வாரம் மதியத்துல இறங்காம இருந்தா கடிதம் தரேன்."

இறங்கவில்லை. சட்டை காய்ந்தே இருந்தது. ஜூஸ் பாக்கெட்டுகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அவர் குடித்த டம்ளர் அவர் வைத்தபடியே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடிதம் வந்தது, இன்சூரன்ஸ் வந்தது, டிக்கெட் வந்தது. அவள்தான் வரவில்லை. வீடு அவள் செத்த அன்றைக்கு இருந்ததைவிட வெறிச்சென்று கிடந்தது.

பயணத்துக்கு முந்திய மதியம் ஊசிப் பேனாவைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்து வளையத்தைப் புதிய அளவுக்குத் திருப்பினார். கை நிற்கவில்லை. டிக், டிக்கென்று மேலே போய்ப் பழைய எண்ணில் வந்து நின்றது. ஒரே ஒரு தடவை. இதைப் போட்டுக்கொண்டு படுத்தால் போதும், அவள் வந்துவிடுவாள். சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது? சட்டையைத் தூக்கி, ஊசியை வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார்.

நம்ம பொண்ணுக்கு யாருங்க இருக்கா?

யாரும் பேசவில்லை. பதிவில் கேட்டது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். அவர் வளையத்தைப் பின்னால் திருப்பினார். புதிய அளவில் நிறுத்திப் போட்டுக்கொண்டு, தட்டு நிறையச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே விக்கி விக்கி அழுதார்.

காலையில் மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கைப்பையைக் கட்டிலில் தலைகீழாகக் கொட்டி, முதலிலிருந்து அடுக்கினார். பேனாக்கள், ஊசி முனைகள், டாக்டர் கடிதம், ஜூஸ் பாக்கெட்டுகள். ஜிப்பை இழுத்து மூடினார். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கழுவினார். "தூசி விழும்" என்று சொல்லி, தாமே கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

விமான நிலையத்தில் அவருடைய பையைத் தனியாக ஒதுக்கினார்கள். பாதுகாப்பு அதிகாரி டாக்டர் கடிதத்தைப் படித்து, தலையாட்டி, ஊசிகளையும் ஜூஸையும் விட்டுவிட்டார். பிறகு பக்க அறைக்குள் கையை விட்டு, சிவப்புப் பிடி கத்தரிக்கோலை வெளியே எடுத்தார்.

"இதெல்லாம் கைப்பையில கொண்டு போகக்கூடாது சார். பையை நீங்களேதானே கட்டினீங்க?"

லிஃப்ட்காரர் கத்தரிக்கோலையே பார்த்தார். சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது. வாயில் தித்திப்பு இல்லை. காலையில் நடந்தது ஒவ்வொன்றும் அவருக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது.

"என் வீட்டுக்காரி வெச்சிருப்பா" என்றார்.

அதிகாரி அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவங்களும் கூட வர்றாங்களா?"

"தெரியலைங்க" என்றார் லிஃப்ட்காரர்.