வாயை மட்டும் அசை

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றே காலுக்கு, மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் அம்சவள்ளியின் வாயிலிருந்து அவளுடைய பத்து வயது மகள் தமிழ்நிலாவின் குரல் வந்தது. அம்சவள்ளி அப்போது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் மேடையில் நின்றிருந்தாள். அதே நிமிடம், முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி உப்பளத்தில் வேலையிலிருந்த இன்னும் பதினோரு பெண்கள் தலையில் கூடையோடு தத்தம் பிள்ளைகளின் குரலில் அதே பாட்டைப் பாடினார்கள். மேஸ்திரி கலியபெருமாள் சற்று நேரம் கேட்டுவிட்டு, "பாடறது பாடுங்க, நிக்காம நடந்துகிட்டே பாடுங்க" என்றார். அன்று குறித்து வைக்கும்படி வேறொன்றும் நடக்கவில்லை; வெயில் மட்டும் அதிகம்.

இது எப்படி வந்தது என்று சொல்வதற்கு, உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தையும் பாட்டு டீச்சர் வைஜெயந்தியையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். திண்டிவனத்தில் நடந்த பள்ளிக்கூடங்களுக்கான பாட்டுப் போட்டிக்கு இருபத்துநாலு பிள்ளைகள் நின்று ஒரே குரலில் பாட வேண்டும் என்பது விதி. பாட்டை எழுதியவர் தலைமையாசிரியர் தட்சணாமூர்த்தி. எல்லோரும் சமம், எல்லோரும் ஒன்று என்று அதில் ஒன்பது இடங்களில் வருகிறது. டீச்சர் செல்போனில் சுருதியைப் போட்டுவிட்டு ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். ஒன்றாக மூச்சு எடுக்கவும், ஒன்றாக வரியை முடிக்கவும் பழக்கினார். அதில் குறை சொல்ல முடியாது, வேலை தெரிந்தவர்தான். பிறகு வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொண்டுபோய்க் கேட்பார். சில பிள்ளைகளிடம் குனியும்போது மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கேட்டு முடித்ததும், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்பார். முதல் வாரம் மூன்று பேர். மூன்றாம் வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு பேர். அவர்களை எடுத்துவிட்டால் எண்ணிக்கை குறையும். அதனால் நிற்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், பாடக் கூடாது. பன்னிரண்டும் உப்பளத்துப் பிள்ளைகள். தற்செயல் என்றார் டீச்சர். சீ! இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

தமிழ்நிலா செய்த குற்றம், வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். பாட்டென்றால் அவளுக்கு உயிர். அம்மா கேட்க ஒரு மேடையில் பாட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வாயசைக்கச் சொன்னதை வீட்டில் மறைத்துவிட்டாள். "எங்க, ஒரு தபா பாடு கேப்போம்" என்று அம்சவள்ளி கேட்கும்போதெல்லாம், "அங்க வந்து கேளும்மா" என்று சமாளித்தாள். அதை நம்பி அம்சவள்ளி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மேடையில் அந்தப் பன்னிரண்டு முகங்களிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் பவுடர் அப்பியிருந்தது. முதல் வரி போனது, இரண்டாம் வரி போனது. மகளின் வாய் நன்றாகத் திறந்து மூடுகிறது, சத்தத்தைக் காணோம். பெற்றவளுக்குத் தெரியாதா? "ஏங்க, எம்புள்ள கொரலு எங்கங்க?" என்று கேட்கத்தான் அம்சவள்ளி எழுந்து வாயைத் திறந்தாள். வந்தது பாட்டின் மூன்றாம் வரி, கடைசி எழுத்தில் அந்த இழுப்போடு. பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாக வந்தது. பிறகு கையை எடுத்துவிட்டாள். மகள் வாயசைக்க, அம்மா அழுதுகொண்டே பாடி முடித்தாள். நடுவர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு, மதிப்பெண் தாளில் 'ஸ்பீக்கரைப் பின்பக்கமும் வைத்தது நன்று' என்று எழுதி முதல் பரிசு கொடுத்தார்கள். வைஜெயந்தி டீச்சர் கோப்பையோடு போட்டோவுக்குச் சிரித்தார்.

அன்றோடு தமிழ்நிலாவிடம் சத்தமே இல்லை. இருமல்கூட அம்மாவின் தொண்டையில்தான் வந்தது. மற்ற பதினோரு பிள்ளைகளுக்கும் இதே கதி. ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். திங்கட்கிழமை அம்சவள்ளி மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், "எம்புள்ள கொரல திருப்பிக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டாள். "நாங்க எங்கம்மா எடுத்தோம்? உங்கிட்டதான இருக்குது" என்றார் தட்சணாமூர்த்தி. டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் பாட்டுக்கு மட்டும்தான் சொன்னேன் சார். பேசவும் வேணாம்னா சொன்னேன்?" என்றார். அம்சவள்ளி இரண்டு பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற மகள் உதட்டை அசைத்தாள். "வாம்மா, போலாம்" என்றது அம்சவள்ளியின் வாய். அதற்குமேல் அவளால் சண்டை போட முடியவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் பழகிவிட்டது. "சோறு போடும்மா" என்று அம்சவள்ளி தானே கேட்டு, "கை கழுவிட்டு வா" என்று தானே சொல்வதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் பெயர் கூப்பிட்டதும் வகுப்பு டீச்சர் ஜன்னல் பக்கம் காதைக் கொடுக்கிறார். உப்பளத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று வருகிறது, பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். ஐப்பசியில் மழை பிடித்து உப்பளத்தை மூடிவிட்டால் அம்சவள்ளி சவுக்கு வெட்டச் செய்யூர்ப் பக்கம் போய்விடுவாள். அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் எட்டாது. அந்த இரண்டு மாதமும், முன் பெஞ்சில் உட்கார்ந்து வாயசைக்கும் தமிழ்நிலாவுக்கு ஆப்சென்ட் போடுகிறார்கள்.