துணியை எடுத்துப் பார்க்காதீர்கள்

1

இந்தக் கதை ஒரு முருங்கைக்காயில் தொடங்கியது. போன மாதம் அதை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். துணி வைத்து அழுத்தினேன். இரத்தம் நின்றதா என்று எடுத்துப் பார்த்தேன், மறுபடி வழிந்தது. மூன்றாம் முறை என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எழுதற கதை மாதிரியே இதையும் எடுத்து எடுத்துப் பாக்கறியே." (பிடித்த கையை அவர் உடனே விடவில்லை. குடும்பக் காதல் கதை எழுதுகிறவள் இதை மறைக்கக் கூடாது.)

2

'1931. ஆம்பூர் மலையடிவாரத்தில் ஆவாரம்பூக்கள் பொன்னாய்—'

வேண்டாம். பூப் பார்க்க யாரும் அங்கே போகவில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். செடி வெட்டப் போனார்கள்.

சம்பூர்ணத்துக்கும் கன்னியப்பனுக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். இருவரும் பட்டை வெட்டும் ஒரே கூட்டத்தில் வேலை. மேஸ்திரி கோதண்டபாணி, கன்னியப்பனின் அப்பா.

இந்த வரிகள் இருக்கட்டும்.

3

திங்கட்கிழமை கொடுவாள் வழுக்கிக் கன்னியப்பனின் கெண்டைக்காலில் இறங்கியது. இரத்தம் பீறிட்டது. கூட்டத்தில் மூத்தவரான தனகோடி பட்டைத் தூளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"தோலையே இறுக்குற பட்டை. இத இறுக்காதா?"

"அது செத்த மாட்டுத் தோலு, அண்ணே. இவரு உசுரோட கீறாரு. மரத்துல மாட்டியிருந்த துணி எங்க?" என்றாள் சம்பூர்ணம்.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, அடிபட்டால் கட்டுவதற்கென்று துவைத்துக் கொடுத்த துணி அது. தனகோடி மெதுவாகத் தன் தலையிலிருந்து அழுக்குச் சும்மாட்டை எடுத்தார்.

"ரெண்டு மாசமா யாருக்கும் அடிபடலியேம்மா."

(சும்மாடு: சுமைக்கு அடியில் தலையில் வைக்கும் துணிச்சுருள். இதை அடிக்குறிப்பில் சொல்லியிருக்கலாம். அவன் இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தின் அடிவரை யார் போவது?)

சுத்தமான துணி அங்கே ஒன்றுதான் இருந்தது: மேஸ்திரியின் வெள்ளைத் தலைப்பாகை. தினம் துவைத்துக் கட்டுவார். பிறர் கை படவிடமாட்டார். நாலு பேர் எதிரில் ஒருவர் தலைப்பாகையில் கைவைப்பது அவரை அறைவதற்குச் சமம். அதிலும் மருமகளாகப் போகிறவள்—

உருவிவிட்டாள். மடித்து, காயத்தின்மேல் இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"மாமா, அப்புறமா திட்டுங்க. இப்ப வண்டியப் பூட்டுங்க."

4

வண்டியில் இருவர் கண்களும் கலந்ததாக எழுதினேன். அவள் நிமிரவே இல்லை. அடித்துவிட்டேன்.

"நின்னுதா? எடுத்துப் பாரேன்."

"மாட்டேன்."

"இன்னா இது, என் காலு, நான் பாக்கக் கூடாதா?"

"வெள்ளிக்கிழமை பாத்துக்கோ."

"வெள்ளிக்கிழமை இன்னும் கீதா? எங்கப்பா தலையப் பாரு."

வண்டியோடு கோதண்டபாணி நடந்துவந்தார். வழுக்கையில் வெயில் பளபளத்தது.

5

ஆஸ்பத்திரியில் காயத்தைத் தைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். (என் கதைகளில் மாப்பிள்ளைகள் சாவதில்லை.)

முடிவு ஒன்று: கோதண்டபாணி சம்பந்தத்தை முறித்து— நாலு வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

முடிவு இரண்டு: எல்லோரும் அழுது— முந்தைய புத்தகத்தில் அழுதாகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புதன்கிழமை காலை, அதே மரக்கிளையில் வெந்நீரில் அலசி உலர்த்திய வெள்ளைத் துணிமூட்டை ஒன்று தொங்கியது. ஓரத்தில் லேசான பழுப்புக் கறை. பக்கத்தில் வெறுந்தலையோடு கோதண்டபாணி.

"தனகோடி, இதுல கைய வெச்சே, நீயே இன்னொரு மேஸ்திரியப் பாத்துக்கோ."

பிறகு சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் கையை எடுக்கமாட்டேன். நீங்கள் பாருங்கள், இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்த பிறகு.