பன்னிரண்டாவது டேக்

அப்பாவின் காலை மடியில் ஏந்தி, வெந்நீரில் பிழிந்த துணியால் அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் டிவி மேசையைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டான். காலை பத்து மணி இருக்கும். டாக்டர் வந்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அலைக்கழிக்க வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள் என்று வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்.

அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. முந்தின நாள்தான் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். வந்ததிலிருந்து ஜன்னல் கொக்கியை முடுக்கினான், மின்விசிறியைத் துடைத்தான், மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினான். இப்போது இது.

"அப்பா படத்தப் போடறேன். அவருக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும். பிள்ளைங்களும் பாத்ததில்ல."

அந்தப் படம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மலை முகாமில் இருந்தவர்கள் பனிச்சரிவுக்குப் பயந்து இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய சறுக்கு வண்டியை இழுத்த ஆறு நாய்கள் பனியில் மாட்டிக்கொள்கின்றன. கடைசியில் ஆறும் பிழைத்துவிடும். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று அந்தக் காலத்தில் பத்திரிகைகள் எழுதின. நாய்களைப் பழக்கியவர் அப்பா. ஸ்டுடியோவில் அவருக்கு நாய் மாஸ்டர் என்று பெயர்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்துக்கும் போகவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் இருபத்தாறு வருடம் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்காகத்தான் மனுஷன் ஊர் சுற்றுவதை விட்டார் என்று அம்மா சாகும்வரை பெருமையடித்தாள். நாய்க்குட்டி வேண்டுமென்று மகள் சின்ன வயதில் சாப்பிடாமல் அடம்பிடித்தபோதும் அப்பா மசியவில்லை. டிவியில் அந்தப் படம் வந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார். நாய்க்கு நிஜமாவே குளிருமாப்பா என்று கேட்டால், "படம்தானேம்மா" என்பார்.

இன்று எழுந்து போக முடியாது. மூச்சுக்கருவியின் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் காட்சி வந்தது. கூட்டத்துக்குத் தலைவனான நாய் நொண்டி நொண்டி வந்து பனியில் விழுகிறது. கேமரா முகத்துக்கு வெகு அருகே போகிறது. பாதி திறந்த கண்ணின் மேல் ஒரு துகள் பனி விழுகிறது. இமை அசையவில்லை.

"பாருங்க, தாத்தா எப்படிப் பழக்கியிருக்கார் பாருங்க" என்று அண்ணன் குழந்தைகளிடம் சொன்னான்.

அப்பா முகமூடியை ஒரு பக்கமாகத் தள்ளினார். "போதும்" என்றார்.

களைத்துவிட்டார் என்று நினைத்து அண்ணன் படத்தை நிறுத்தினான். திரையில் நாய் அப்படியே கிடந்தது.

"போதும். எந்திரி."

"நாய்க்குச் சொல்றார்" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்கு பாரேன்." அதை மனைவியிடம் சொல்வதற்காக, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

அவள் முகமூடியைச் சரிசெய்யக் குனிந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார்.

மீன் கம்பெனி ஒன்றின் குளிர்கிடங்கில் எடுத்தார்களாம். ஐஸை நொறுக்கிக் கொட்டி, மேலே உப்பைத் தூவியிருந்தார்கள். மற்ற ஐந்தும் குளிர்தேசத்து நாய்கள். தலைவனாக நடித்தது மட்டும் தெருவில் பிறந்து, ஒன்பது வருடம் அவரோடு இருந்த நாய். சோற்றைக்கூட யோசித்துத்தான் தின்னும் என்பதால் அதற்குத் தொரை என்று பெயர். குட்டை ரோமத்தின் மேல் ஆட்டு ரோமத்தை ஒட்டியிருந்தார்கள். கிட என்றால் கிடக்கும். அவர் போதும் என்றால்தான் எழும். வேறு யார் சொன்னாலும் எழாது. டைரக்டருக்கு ஒவ்வொரு டேக்கிலும் ஒரு குறை. பதினோராவது முடிந்தபோது தொரை வாலை ஒரே ஒரு தரம் அசைத்து அவரைப் பார்த்ததாம். டைரக்டர் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று.

"சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சும்மா. பெரிய படமாச்சேன்னு முழுங்கிட்டேன்."

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்குது."

"பன்னெண்டாவது டேக்தான் படத்துல இருக்கு." அவர் திரையைப் பார்த்தார். "அதுல அது நடிக்கல."

"அப்புறம் எந்திரிச்சு ஓடுதே" என்று அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"அது வேற நாய். தொரை மாதிரி தெரியக் காதுல மை பூசினது."

கட் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்களாம். அந்தச் சத்தத்துக்கு நடுவே மூன்று தரம் போதும் என்று சொன்னாராம்.

கையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். அவள் ஏதாவது சொல்ல வேண்டும். உங்க மேல தப்பில்ல என்று சொன்னால் அது பொய் என்று அவருக்குத் தெரியும். வேறு வார்த்தை தேடினாள். தேடிக்கொண்டே முகமூடியை மாட்டினாள், தலையணையை உயர்த்தினாள், கன்னத்து வியர்வையைத் துடைத்தாள். பதினொன்றேகாலுக்கு அவர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அவள் காத்திருந்தாள். அது வெளியே வரவில்லை.

அதன் பிறகு அண்ணன் போனைக் கீழே வைக்கவே இல்லை. தன் படத்தைப் பார்த்துக்கொண்டே போனார், கஷ்டமே படவில்லை, முகத்தில் ஒரு நிம்மதி என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தெளிந்துகொண்டே வந்தது. அப்பாவின் தங்கை மறுநாள் மத்தியானம்தான் வந்துசேர முடியும் என்றாள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டான்.

"பெட்டி வேண்டாம்ணா" என்றாள் அவள்.

"ஏன்?"

"வேண்டாம்."

"வெயில் கொளுத்துது. அத்தை முகத்தப் பாக்க வேண்டாமா? நீயே ஒரு வழி சொல்லு."

அவனிடம் சொல்லிவிடலாம் என்று நெருங்கினாள். சின்னவள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அந்த நாய் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சு ஓடிடுச்சு கண்ணு. தாத்தா சொன்னாரில்ல."

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அறையில் அதற்குத் தோதான பிளக் ஒன்றுதான். டிவி ஒயரைப் பிடுங்கினார்கள். அப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தபோது அவள் அவருடைய கம்பளிப் போர்வையோடு வந்து நின்றாள்.

"போர்த்தக் கூடாதும்மா" என்றார் பெட்டிக்காரர். "போர்த்தினா குளிர் உள்ள ஏறாது. நாளைக்கு வரைக்கும் மூடியத் திறக்காதீங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். மோட்டார் உறும ஆரம்பித்தது. போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்மாட்டிலிருந்து கண்ணாடி மெல்ல வெளுத்துக்கொண்டு மேலே வந்தது. முகத்துக்கு நேரே மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள். சற்றுப் பொறுத்து அந்த இடமும் வெளுத்தது. மறுபடி துடைத்தாள்.