கொடாத ஒரு சொல்

உருக்காலையின் புகைபோக்கிகள் சில நாளாய்ப் புகையாது நின்றமையால் வானம் வழக்கத்துக்கு மாறாகத் தெளிந்து, தலைமைத் தெருவின் இருமருங்கும் அடைபட்ட கடைகளின் இரும்புக் கதவுகள் வெயிலில் காய்ந்து, அரசு மாளிகையும் காவல் நிலையமும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்க, நண்பகல் ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்தது. கற்றறிந்த அன்பரே, இதனை அமைதி என்று கொள்ளற்க. உலைக்குள் விழுந்து வெந்த தொழிலாளர் இருவரின் உடலை வீட்டாருக்கும் காட்டாது மறைத்த முதலாளிகளை விட்டுவிட்டு, ஏனென்று கேட்ட தொழிற்சங்கத் தலைவர் இருவரைப் பிடித்து அந்தக் காவல் நிலையத்தில் அடைத்திருந்தார்கள். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த அமைச்சர், ஆலயத்தில் திருப்பலிப் பூசை காணாமல் காலையுணவைத் தொடாத கத்தோலிக்கர். நெடுங்காலம் அரசியலில் இருந்தும் கை நீளாதவர். இதனைக் கட்சிக்காரர்கள் மேடையில் பெருமையாகவும் தனியிடத்தில் கேலியாகவும் பேசி, அவருக்குச் ‘சாமியார்’ என்று பட்டப்பெயரும் சூட்டியிருந்தார்கள். அன்று விடிந்ததும் கட்சித் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "கூட்டம் கூடினா சுடச் சொல்லு. பத்துப் பேர் விழுந்தா மத்தவன் தானா வீட்டுக்குப் போயிடுவான்" என்று, கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அமைச்சர் நேரே ஆலயத்துக்குச் சென்றார். பங்குக் குரு அவருடைய உடன்பிறந்த தம்பி. ஒப்புரவுக்காகத் தம்பி அமர்ந்து பாவ அறிக்கை கேட்கும் மரக்கூண்டின் வலைத்தட்டிக்கு முன்னே மண்டியிட்டு, அந்தக் கூண்டில் எவரும் அதுவரை கேளாத ஒன்றை அவர் கேட்டார்: இனிமேல் செய்யப்போகும் பாவத்துக்கு இன்றே மன்னிப்பு.

"செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடையாதுண்ணா," என்றார் தம்பி. "செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டு வந்தா அது பாவத்துக்கு வருந்தற மனத்துயரும் இல்ல. கொலை செய்யாதேன்னு ஆண்டவர் சொன்னப்ப, அமைச்சருக்குன்னு தனிச் சலுகை எதுவும் வைக்கல."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"சுடச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

மேலும் விரித்துரைக்க நேரமில்லாமல் திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது.

அமைச்சர் பெருஞ்சுமை இறங்கியவராய் அரசு மாளிகையிலிருந்த தம் அலுவலகம் திரும்பிக் காவல் ஆய்வாளரை வரவழைத்தார். ஆய்வாளர் தம் மகளுக்குத் திருமணம் பேசி முடித்த மகிழ்ச்சியில் இருந்தவர், வாட்டசாட்டமான மனிதர், இட்ட பணியை மறுத்தறியாதவர். என் வாயிலிருந்து சொல் வராமல் ஒரு குண்டும் வெளியேறக் கூடாது என்று அமைச்சர் உறுதி கேட்க, "சத்தியமா ஐயா. நீங்க சொன்னாத்தான்" என்று அவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

நண்பகல் சாய்கையில் கூட்டம் வந்தது. உலைக்கோல்களையும் சங்கிலிகளையும் ஏந்தி, இறந்தவர் பெயரைக் கூவி, தெருவை நிறைத்து வந்து, முதற்கல்லால் நிலையத்தின் பலகணியை உடைத்து, அடுத்த கல்லால் வாயிற்காவலரின் நெற்றியைப் பிளந்து, அவர் விழுந்த இடத்திலேயே அவரை மிதித்துக் கடந்து கதவை மோதியது. மாடியில் நின்று அமைச்சர் அனைத்தையும் கண்டார். தொலைபேசி ஒலித்தது.

"ஐயா, கதவு தாங்காது. உள்ள நாலு பேர் இருக்கோம். வானத்தைப் பார்த்தாவது சுட விடுங்க."

"வானத்துல சுட்டா அப்புறம் கீழ சுட வேண்டி வரும். பேசிப் பாருங்க."

"கல்லுகிட்ட என்னங்க பேசறது? ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா."

அமைச்சரின் நா எழவில்லை. சுடு என்றால் அது ஆன்மாவையே கொல்லும் சாவான பாவம். அதைச் சொன்ன வாயோடு இறைவன் முன் எப்படி நிற்பது என்று தம் ஆன்மாவையே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நால்வரை அவர் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நாம் இக்கதையைச் சொல்ல வேண்டியதில்லை. காதருகே கதவு பிளக்கும் ஓசை கேட்டது, பின்னர் ஓர் அலறல், பின்னர் ஒன்றுமில்லை.

ஆய்வாளரைக் காலைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். உலைக்கோல் முதலில் முழங்காலில் இறங்கி, அடுத்துத் தோளை ஒடித்து, மூன்றாம் முறை முகத்தில் விழுந்தது. விடுபட்டு வெளிவந்த தலைவர்கள் இருவரும் வேண்டாம் வேண்டாமென்று குறுக்கே பாய, அவர்களுள் ஒருவரின் கையையும் அவருடைய ஆட்களே முறித்துப் போட்டார்கள். உள்ளே தீ வைத்தார்கள். எரியும் சட்டையோடு ஒரு காவலர் பலகணி வழியே குதித்து, நாலடி ஓடிக் குப்புற விழுந்தார். மற்ற இருவர் வெளியே வரவேயில்லை. ஆய்வாளரின் இடுப்பில் கைத்துப்பாக்கி அப்படியே இருந்தது. உறையின் பொத்தானைக்கூட அவர் கழற்றவில்லை.

தீயும் கூட்டமும் தணிந்தபின், பிணங்களை இழுத்துக் கிடத்திய கைகளோடு, முழங்கை வரை குருதி தோய்ந்த வெள்ளை அங்கியோடு, தம்பி படியேறி வந்தார்.

"நீ சொன்னபடிதான் செஞ்சேன்," என்றார் அமைச்சர். "கொல்லாதேன்னு சொன்னியே."

"கொல்லாதேன்னு சொன்னேண்ணா. சாக விடுங்கன்னு சொல்லலையே." குரு நாற்காலியில் சரிந்து, முகத்தை மூடிக்கொண்டு, சிறுபிள்ளைபோல் அழுதார். "ஊரை மிரட்டச் சுடறது வேற. உள்ள இருக்கறவங்க உயிரைக் காக்கத் தடுக்கறது வேற. இதைச் சொல்ல எனக்குக் காலையில நேரமில்லாமப் போச்சே."

மாலையில், மருத்துவமனையின் பிணவறை வாயிலில், ஆய்வாளரின் மனைவி அமைச்சர் எதிரே வந்து நின்றார். அவர் ஏசவில்லை; கூந்தலை அள்ளி முடிந்திருந்தார்; குரலும் தாழ்ந்தே இருந்தது.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாராம். என்னங்க கேட்டார்?"

"ஒரு வார்த்தை கேட்டாரும்மா."

"குடுத்தீங்களா?"

பாவத்துக்கு அஞ்சிய அந்த நல்ல மனிதர் தம் ஆன்மாவைக் காத்துக்கொண்டாரா, அன்றே இழந்தாரா என்று தீர்ப்புரைக்க நமக்கு உரிமையில்லை. அது அவரைப் படைத்தவன் பாடு. அந்த அம்மையார் மறுமொழிக்காக அவ்விடத்திலேயே நெடுநேரம் நின்றிருந்தார் என்பதை மட்டும் நாம் சொல்லலாம்.