மச்சினன் பேரில் ஒரு வீடு

இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். மருந்துக்கடைக்காரர் டொக்குவுக்குத் தர வேண்டிய பாக்கி அது. பன்னிரண்டு வருஷமாக வட்டியும் ஏறாமல் முதலும் இறங்காமல் கல்லு மாதிரிக் கிடந்தது.

டொக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். மருந்துக்கடைக்காரர் புது வீடு கட்டியபோது தரை முழுக்க மண்டி போட்டு ஒட்டியது அவன்தான். வேலை முடிந்து கடைசிப் பணம் கேட்கப் போனான். அவர் ஹாலில் ஜன்னலோரத்துக் கல்லைச் சாவியால் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே காலியா இருக்குடா. இதைச் சரி பண்ணிட்டு மிச்சத்தை வாங்கிக்க."

அவன் குனிந்து விரலை மடக்கித் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி, காதைச் சாய்த்து, இன்னொரு தட்டு. அவன் வழக்கம் அது. டொக் என்று கெட்டியாகத்தான் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு சார்."

"எனக்குக் கேக்கலையே. இன்னொருக்கா தட்டு."

அன்றைக்கு ஆரம்பித்தது. அவன் பாக்கி கேட்டுப் போகிற போதெல்லாம் அவர் வீட்டில் யாராவது விருந்தாளி உட்கார்ந்திருப்பார்கள். "இதோ, நம்ம டொக்கு வந்துட்டான். டேய், அந்தக் கல்லைத் தட்டிக் காட்டு, எல்லாரும் கேக்கட்டும்" என்பார். அவன் தட்டுவான். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெறுங்கையோடு வெளியே வருவான். கடைசியில் பணம் வரவில்லை, பேர் மட்டும் வந்தது. டைல்ஸ் கடையிலும் டொக்கு, வேலை செய்கிற இடத்திலும் டொக்கு, கோபம் வந்தால் பெண்டாட்டி வாயிலும் டொக்கு.

இப்போது காலம் கொஞ்சம் புரண்டு படுத்திருந்தது. டொக்குவிடம் ஏழெட்டு ஆட்கள் வேலை செய்தார்கள். மருந்துக்கடைக்கு எதிரே கண்ணாடி போட்ட பெரிய கடை வந்து, மருந்துக்கடைக்காரரின் வியாபாரம் படுத்துவிட்டது. வீடு விலைக்கு வந்தது.

"யாருக்கு வேணா கொடுப்பாராம், கூலிவேலைக்காரனுக்கு மட்டும் மாட்டாராம்" என்றார் புரோக்கர். "தான் படுத்த ரூம்ல சிமென்ட் நாத்தம் அடிக்கக் கூடாதாம். உன் பேரைச் சொன்னா கதவைச் சாத்திடுவாருப்பா."

"சொல்லாதீங்க. செத்தாலும் சொல்லக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

புரோக்கர் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினார்.

பெண்டாட்டி கேட்டாள். "உலகத்துல வேற வீடே இல்லையா?"

"இருக்கு. அதுலெல்லாம் அவன் குடியில்லையே."

அவன் ஆசை இவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் நாளில் அந்த ஹாலில் நிற்க வேண்டும். "சார், போறதுக்கு முன்னாடி அந்தக் கல்லை ஒரு தட்டு தட்டிக் காட்டிட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். சேமிப்பு, வாங்கிப் போட்டிருந்த மனை, பெண்டாட்டி கழுத்துச் சங்கிலி எல்லாம் அந்த ஒரு பேச்சுக்காகப் பணமாயிற்று. ஒவ்வொரு நோட்டுக்கட்டையும் டைல்ஸ் பெட்டி கட்டுகிற மஞ்சள் நாடாவால் அவனே இறுக்கிக் கட்டினான்.

பேருக்கு ஆள் வேண்டுமே. பெண்டாட்டியின் தம்பி இருந்தான். கம்பெனி ஒன்றில் ஃபைல் தூக்குகிற வேலை. ஆனால் சட்டையில் மடிப்புக் கலையாது. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா. இன்னைக்கு என் பேருல எழுதுவோம், அடுத்த வாரமே அக்கா பேருக்கு மாத்திடுவோம். உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றான். டொக்குவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீடு பார்க்கப் போன அன்று சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. வாடகைக் கார் எடுத்து, தொப்பி மாட்டி, மச்சினனுக்கு டிரைவராகப் போனான். தாடி நரைத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க. இந்தத் தரையைப் பாருங்க. பக்கத்துல நின்னு நான் போட்டது. ஒட்டினவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, நாந்தான் கத்துக்கொடுத்தேன்."

செருப்பு விடுகிற இடத்தில் நின்ற டொக்கு பல்லைக் கடித்துக்கொண்டான். அவர்கள் டீயோடு அடுத்த அறைக்குப் போனார்கள். ஜன்னலோரத்துக் கல் கண்ணெதிரே கிடந்தது. கால் தானாகப் போயிற்று. குனிந்தான். மூன்று தட்டு. நிறுத்தி, காதைச் சாய்த்து, இன்னொரு தட்டு. டொக். கெட்டி.

நிமிர்ந்தபோது அறை வாசலில் மருந்துக்கடைக்காரர் நின்றார். சிரித்தார். "மாடியைப் பார்க்கலாம் வாங்க சார். டிரைவர் கீழேயே இருக்கட்டும்."

மேலே வெகு நேரம் பேசினார்கள். இறங்கி வந்த மச்சினன் முகத்தில் புதுக்களை. போகும்போது முன்சீட்டில் மாமா பக்கத்தில் வந்தவன், திரும்பும்போது பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். "பார்க்கிறவங்க பார்ப்பாங்கல்ல மாமா. அப்புறம், விலையில அம்பதாயிரம் குறைச்சுட்டாரு!"

"உன் முகராசிடா" என்றான் டொக்கு. ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

பத்திரம் பதிகிற அன்று டொக்கு வெளியே காருக்குள்ளேயே இருந்தான். நிறைந்த பை உள்ளே போயிற்று, காலிப் பை வந்தது.

சாவி கைமாறும் நாள் காலையில் எல்லோரும் அந்த ஹாலில் இருந்தார்கள். பெண்டாட்டி துடைப்பமும் வாளியும் கொண்டு வந்திருந்தாள். தொப்பி இல்லாமல் டொக்கு நடுவில் நின்றான். மருந்துக்கடைக்காரர் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினார். டொக்கு வாயைத் திறந்தான்.

"எப்படிடா இருக்கே டொக்கு?" என்று அவர் முந்திக்கொண்டார்.

டொக்குவின் கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத தொப்பியைத் தேடியது.

"மூணு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. எத்தனை தடவை உன்னைத் தட்ட வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எனக்கு வித்தீங்க?"

"உனக்கு எங்கேடா வித்தேன்? சாருக்கு வித்தேன்."

டொக்கு மச்சினனைப் பார்த்தான். மச்சினன் சாவிக்கொத்தைப் பார்த்தான்.

"அடுத்த வாரம் அக்கா பேருக்கு மாத்துறோம்னு சொல்லுடா."

"அவசரம் என்ன மாமா? பத்திரத்துல என் பேரு இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"தம்பி, விளையாடாதே" என்றாள் அக்கா. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"பணம் என்னுது!" டொக்கு வாசல் பக்கம் நின்ற புரோக்கரிடம் திரும்பினான். "புரோக்கரண்ணே, நீங்க சொல்லுங்க. எல்லாம் உங்களுக்குத் தெரியும்!"

புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்குறவன் பேரைச் செத்தாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானேப்பா சத்தியம் வாங்கினே? நான் வாக்குத் தவற மாட்டேன்." படியிறங்கிப் போய்விட்டார்.

"உங்களைத் தெருவுலயா விடப் போறேன்?" என்றான் மச்சினன். "பின்னாடி சாமான் ரூம் சும்மாதான் கிடக்கு, அக்காவும் நீங்களும் இருந்துக்குங்க. இந்தத் தரை மட்டும் பழசாத் தெரியுது. பேத்துட்டுப் புதுசா ஒட்டிக் கொடுத்துடுங்க மாமா. வெளியாளுக்கு எதுக்குக் கூலி?"

பெண்டாட்டி வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பி ஜன்னலோரத்துக் கல்மேல் ஓடியது.

மருந்துக்கடைக்காரர் வாசல்வரை போய்த் திரும்பினார். "மறந்தே போனேன். யார் காசும் எனக்கு வேணாம்பா." பெட்டியைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். மஞ்சள் நாடா சுற்றிய கட்டு. நாடாவை உருவி, எச்சில் தொட்டு எண்ணி, சில்லறை நோட்டும் சேர்த்து டொக்குவின் கையில் திணித்தார். "இருபத்தேழாயிரத்து நானூத்தி அம்பது. அந்தக் கல்லு அன்னைக்கே நல்லாத்தான்டா இருந்துச்சு. எண்ணிப் பார்த்துக்க."

டொக்கு எண்ணினான். சரியாக இருந்தது.