பேர்ணடெற்றை நோக்கி நகர்ந்த துளி

1969 யூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், கொட்டாஞ்சேனைப் பெண்கள் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில், வெள்ளைத் தட்டிலிருந்த ஒரு துளி இரத்தம் மூன்று அங்குலம் நகர்ந்து பேர்ணடெற் என்ற மாணவியின் துளியோடு சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் தங்கள் இரத்த வகையைக் கண்டறியும் நாள் அது. சோதனைத் திரவம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வகை தெரிந்த இரத்தம் ஒரு துளி கட்டுப்பாடாக வைக்கப்பட்டிருந்தது; நகர்ந்தது அதுதான். இரத்த வங்கியிலிருந்து அது வந்த குப்பியில் இரத்தம் கொடுத்தவரின் பெயர் இல்லை; 'ஏ' என்ற எழுத்தும், பன்னிரண்டு நாளுக்கு முந்திய திகதியும் மட்டுமே இருந்தன.

நேசம் ரீச்சர் மேசை சரிவு என்று நினைத்துத் தட்டைத் திருப்பி வைத்தார். புதிதாக விட்ட துளியும் பேர்ணடெற்றின் துளியை நோக்கியே வந்தது. அவளுடைய துளிக்குப் பதிலாக உப்புக் கரைசலை வைத்தார், அசைவில்லை. மற்ற இருபத்தாறு பிள்ளைகளின் இரத்தத்தையும் ஒவ்வொன்றாக வைத்தார்; அசைவில்லை. பிறகு பேர்ணடெற்றைத் தனியே அழைத்து, வீட்டில் யாருக்கு ஏ வகை என்று கேட்டார்.

"அப்பாவுக்கு மிஸ். அவர் செத்து மூண்டு வருசம்."

துறைமுகத்தில் படகு கவிழ்ந்து காணாமற்போன கிளெமென்றின் உடல் கிடைக்கவேயில்லை. மனைவி றோஸி கறுப்பு உடுத்து, அவனுடைய ஆன்மாவுக்காக ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுத்து வந்தாள். ரீச்சர் அவள் வீட்டுக்குப் போய், செய்த கட்டுப்பாட்டுச் சோதனைகளை எல்லாம் குறிப்புப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினார். றோஸி அழவில்லை. மகளின் விரலை ஊசியால் குத்தி, துளியைப் பீங்கான் தட்டில் ஏந்தினாள். அது தெற்கு விளிம்புக்குப் போய் நின்றது. சனிக்கிழமை வரை காயவில்லை.

அன்று காலை இருவரும் காலி வீதி பஸ்ஸில் பீங்கானோடு போனார்கள். வெள்ளவத்தையில் துளி கடல் பக்கம் திரும்ப, இறங்கி நடந்தார்கள். ரெயில் பாதையோரத்து முற்றமொன்றில் கிளெமென்ற் சவரம் செய்துகொண்டிருந்தான். அவனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழந்தை தவழ்ந்தது. பீங்கானில் துளி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அவன் பக்கம் நின்றது. மற்றது குழந்தை போன பக்கமெல்லாம் போனது.

"அப்பாவைக் கூப்பிடட்டே அம்மா?"

"வேண்டாம். வாற ஆளெண்டா இவ்வளவுக்கும் வந்திருப்பார். வா, பஸ்ஸைப் பிடிப்பம்."

அடுத்த நாள் றோஸி நீலச் சேலை உடுத்துக் கோயிலுக்குப் போய், இனிப் பூசை வேண்டாம் என்று குருவானவரிடம் சொன்னாள். நேசம் ரீச்சர் செய்முறையில் ஒரு படி சேர்த்தார்: கட்டுப்பாட்டுத் துளியை ஒவ்வொருவரின் துளிக்குப் பக்கத்திலும் ஐந்து நிமிடம் வைத்து, நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் அதையும் மற்றப் படிகளைப் போலவே எழுதிக்கொண்டார்கள்.