பெட்டியில் அச்சிட்ட எண்

மூன்றாவது முறையாகத் திரை உறைந்தபோது என் மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நாப்பத்தேழு நிமிஷம்! இன்னும் பதிமூணு நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியலையா உனக்கு?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. பக்கத்தில் நான் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பிழைதிருத்தத் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"அதுக்குக் காது இல்ல," என்றேன்.

"உங்களுக்கு இருக்குல்ல? நேரத்தைக் குறிச்சு வைங்க."

அவள் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுபவள். வீட்டில் வரைவதற்கென்று அந்தக் கம்ப்யூட்டரைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினாள். அதன் மூளையான சிப், பிராசசர், வந்த பெட்டியில் நான்கு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அதுதான் அதன் வேகமாம். அந்த எண்ணை அவள் யாரோ தன்னைத் திட்டி எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தாள். அதைத் தாண்டி ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள்.

அவளுடைய தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. "வாரண்டி போயிடும்கா. கம்பெனிக்காரன் என்ன முட்டாளா?" என்றான்.

"முட்டாள் இல்லடா, பயந்தாங்கொள்ளி. ஆயிரம் சிப் செஞ்சா அதுல இருக்கற நோஞ்சானுக்கு ஏத்த மாதிரி ஒரு நம்பரைப் போட்டுடுவான். என்னோடது நோஞ்சானா இல்லையான்னு நான்தானே பாக்கணும்?"

பார்த்தாள். மூன்று மாதம், விடுமுறை நாளெல்லாம் பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். வேகத்தை ஒரு படி கூட்டுவாள். திரை உறைந்து விழுந்தால் வோல்டேஜை மயிரிழை ஏற்றுவாள். பிறகு ஒரு மணி நேரச் சோதனை. விடை தெரிந்த கணக்குகளை அந்தச் சோதனை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேகம் தாங்காத சிப் எங்காவது ஒரு கணக்கைத் தப்பாகப் போடும், அல்லது அப்படியே உறைந்து நின்றுவிடும். பிழை பார்த்தே வயிறு வளர்ப்பவன் நான். எனக்கு இது உடனே பிடிபட்டது. ஒரு மணி நேரம் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடினால்தான் அவள் அந்த எண்ணை ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டதை எல்லா விவரத்தோடும் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டின் உள்புறத்தில் மார்க்கரால் எழுதிவைப்பாள்.

ஐந்து வரை வந்துவிட்டது. ஐந்து புள்ளி ஒன்றுதான் அன்று மூன்று முறை விழுந்தது. நான்காவது தடவை வோல்டேஜை ஏற்றிவிட்டாள். சூடு ஏறியதுதான் மிச்சம். முப்பத்தெட்டாவது நிமிடத்திலேயே விழுந்தது. கூடக் கொடுத்தால் குறைய ஓடுகிறது. பிறகு தகட்டைக் கழற்றி, ஐந்து என்ற வரிக்குக் கீழே தடிமனாக ஒரு கோடு இழுத்தாள்.

"தோத்துட்டியா?" என்றேன், சீண்டுவதற்காக.

"தோக்கறதா? இது எங்க நிக்கும்னு பெட்டியில அச்சடிச்சவனுக்குத் தெரியுமா? விழுந்து விழுந்து பாத்தது நான். இது என்னோட அஞ்சு."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். காலையில் பேருந்து நிறுத்தத்தில், பிரேக் பிடிக்காத ஒரு லாரி. துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில் என் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எப்பவும் ஓட்டம்தான் அவளுக்கு. ஒரு மெஷினைக்கூட அதுபாட்டுக்கு இருக்க விடல." நாலைந்து தலைகள் ஆடின.

"அவ நின்னுட்டுதான் இருந்தா," என்றேன். "லாரிதான் ஓடுச்சு."

அதற்குப் பிறகு எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

கோடையில் ஒருநாள் மைத்துனன் வந்து, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். "பழையபடி நாலு புள்ளி ரெண்டுல வெச்சுட்டேன் மாமா. இனி பத்து வருஷம் ஓடும்."

"யாரைக் கேட்டு வெச்சே?"

அவன் திகைத்துப்போனான். "நீங்க டைப்தானே மாமா அடிப்பீங்க? உங்களுக்கு எதுக்கு அவ்ளோ வேகம்?"

"வேகம் எனக்கு வேண்டாம். அவ கண்டுபிடிச்ச எண் வேணும். திருப்பி வை."

"வெயில் காலம் மாமா. சிப் போச்சுன்னா? அக்காதான் போயிட்டா, இதாவது..."

நானே உட்கார்ந்தேன். தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்து, அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப்போல வேகத்தையும் வோல்டேஜையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். சோதனையை ஓட்டினேன். ஒன்பதாவது நிமிடம் திரை உறைந்தது.

மைத்துனன் மெதுவாகச் சொன்னான். "அக்கா கணக்குல ஏதாவது தப்பு இருக்கலாம் மாமா."

அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து இல்லையென்றால் அவளுடைய மூன்று மாதமும் இல்லை. அச்சடித்தவன் சொன்னதுதான் சரி, துக்கத்தன்று என் அக்கா சொன்னதும் சரி என்றாகிவிடும். "தப்பு இருக்கு," என்றேன். "அவகிட்ட இல்ல. உக்காரு. நான் மூலத்தைப் படிக்கறேன், நீ திரையில இருக்கற படியில சரிபாரு."

முப்பது வருடமாக நான் செய்யும் வேலை அது. அவள் எழுதியதை வரிவரியாக உரக்கப் படித்தேன். அவன் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான். வேகம், சரி. வோல்டேஜ், சரி. கடைசி வரி, அது எப்போதும்போல இருக்கும் என்று நான் தொடாமல் விட்டது: ஃபேன் முழு வேகம் என்றேன். "சரி" வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தான்.

"ஃபேனைச் சத்தம் வராத மாதிரி வெச்சது நான்தான் மாமா. துக்க வீடு... நீங்க தனியா இருக்கீங்க. எதுக்கு இரைச்சல்னு..."

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் எல்லாரும் என் வீட்டுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோலத்தான் நடந்தார்கள். "இந்த வீட்ல சத்தம் இருக்கட்டும்டா," என்றேன். "அதை மட்டும் மாத்து. வேற எதையும் தொடாதே."

மாற்றினான். ஃபேன்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு, இரைந்து எழும்பின. சோதனை ஓடத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பத்தைந்து. அவன் என்னவோ கேட்டான். காதில் விழவில்லை. "என்னடா?" என்று கத்தினேன். "கடைக்குப் போகணும்னு சொன்னேன்!" என்று அவனும் கத்தினான். போகவில்லை. சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் ஆனது. பிழை ஒன்றுகூட இல்லை. சோதனையை நிறுத்த அவன் கை மவுஸுக்குப் போனது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தளர்த்தினான். வெளியே வெயிலில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே, கேபினெட்டின் முதுகிலிருந்து அடித்த சூடான காற்றில் ஜன்னல் திரைச்சீலை மட்டும் புடைத்துப் புடைத்து ஆடிக்கொண்டிருந்தது.